நெஸ்மித் வாசிக்கத் தெரியாதவர் அல்லர்

ஆசிரியருக்கு,

'தி மங்கீஸ்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில், அதே பெயருள்ள இசைக்குழுவின் நால்வரில் ஒருவராக நடித்த மைக்கேல் நெஸ்மித்தை, தங்கள் ஞாயிறு இணைப்புக் கட்டுரை 'கிட்டார் வாசிப்பதுபோல் நடித்தவர்' என்று குறிப்பிட்டிருப்பது அநீதி. 1966இல் வெளியான அக்குழுவின் முதல் ஆல்பத்தில் பெரும்பாலும் ஸ்டூடியோ கலைஞர்களே வாசித்தார்கள் என்பது உண்மை. நால்வரும் படப்பிடிப்பில் இருக்க, வாராவாரம் தொடருக்குப் பாட்டு தேவைப்பட்டது. இசைப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர் அவர்களைப் பாடுவதற்கு மட்டும் அழைத்தார். அந்த ஆல்பத்திலேயே நெஸ்மித் எழுதித் தயாரித்த பாடல்களும் உண்டு. கிர்ஷ்னர் விலக்கப்பட்டபின், 1967இல் வந்த 'ஹெட்குவார்ட்டர்ஸ்' ஆல்பத்தில் நால்வருமே வாசித்தார்கள். நெஸ்மித் அதில் பெடல் ஸ்டீலும் (படுக்கைவாக்கில் வைத்து வாசிக்கும், மிதிகள் கொண்ட கிட்டார்) வாசித்திருக்கிறார். அந்தக் கருவி பழகியவர்களுக்குத் தெரியும்: இடக்கையில் உலோகத் தண்டு, வலக்கை விரல்களில் மீட்டும் கவசம், காலடியில் மிதி, தண்டு தந்தியின் மேல் மயிரிழை விலகினாலும் சுருதி போய்விடும். பாவனை செய்து ஒப்பேற்ற முடியாது.

1970இல் அவர் தொடங்கிய 'ஃபர்ஸ்ட் நேஷனல் பேண்ட்' குழுவின் கன்ட்ரி ராக் (அமெரிக்க நாட்டுப்புற இசையும் ராக்கும் கலந்த பாணி) ஆல்பங்களைக் கட்டுரை தொடவே இல்லை. அவருடைய இசை வாழ்வின் சிறந்த பகுதி அதுதான். நடிகர்-இசைக்கலைஞர் பற்றி எழுதும்போது, எந்த ஆல்பத்தில் யார் எழுதினார், யார் எந்தக் கருவி வாசித்தார் என்ற சிறு பெட்டிச் செய்தியையும் ஆல்ப உறையில் அச்சான குறிப்புகளோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டுகிறேன்.

– வாசகர், மதுரை