ஞாயிறு காலை படக்காட்சி

உறுப்பினர்களுக்கு வணக்கம். நம் பழவேற்காட்டு நல்ல செய்திகளைத் தேடித் தேடிப் படமெடுக்கும் பத்திரிகைப் புகைப்படக்காரர் அக்கா, வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நூலகத்தில் அந்தப் படங்களைக் காட்டுகிறார். ஏரிச் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள், பனையோலைப் பறியை (பிடித்த இறாலைப் போடும் கூடை) பல்லில் கவ்வியபடியே சிரிக்கும் படத்தைத் தவறவிடாதீர்கள். (கவ்விக்கொண்டு எப்படிச் சிரிப்பது என்பவர்கள் கண்களைப் பார்க்கவும்.) ஓலைக்கூடை பின்னும் பாட்டிகளும் உண்டு. படத்தில் இருப்பவர்களுக்கே முதல் வரிசை. அச்சிட்ட பிரதியும் அவரவர் கையில் தரப்படும். உங்கள் தெருவில் சொல்லத்தக்க கதை இருந்தால், உரியவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு இந்தக் குழுவில் எழுதுங்கள். ஞாயிறு வரை காலை வணக்கப் படங்கள் வேண்டாம். அறிவிப்பு மேலே போய்விடுகிறது.