உன் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்தபின்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய அறிக்கையைப் பார்த்தேன். சிவப்பணுக்கள் அளவில் சிறியவை, ஹீமோகுளோபினின் ஒரு வகையான ஏ2 வழக்கத்தைவிடக் கூடுதல், முடிவு தலசீமியா மைனர். அதாவது, ஹீமோகுளோபின் உருவாவதைக் குறைக்கும் பரம்பரைக் குறையின் லேசான வடிவம். "உங்கள் இருவருக்கும் ஒன்றும் இல்லையே, எனக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டிருந்தாய். அம்மாவும் நானும் அதே பரிசோதனையைச் செய்துகொண்டோம். அம்மாவுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. உனக்கு என்னிடமிருந்துதான் வந்திருக்கிறது. இந்த வயதுவரை அது என்னை ஒரு நாளும் படுக்க வைத்ததில்லை. அதனால் யாரும் தேடிப் பார்க்கவும் இல்லை.

நீ உயிரியலைப் பள்ளியோடு விட்டவள். ஆகவே அடியிலிருந்தே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

உன் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் உட்கருவுக்குள் 46 குரோமோசோம்கள் இருக்கின்றன. 23 அம்மா தந்தவை, 23 நான் தந்தவை. ஒவ்வொரு குரோமோசோமும் ஒரு நீண்ட டி.என்.ஏ. மூலக்கூறு. அதில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி வருகின்றன. அடினைனுக்கு எதிரே தைமின், குவானைனுக்கு எதிரே சைட்டோசின். இந்த இணை மாறாது. செல் பிரியும்போது இரண்டு இழைகளும் விலகி, ஒவ்வொன்றும் தன் எதிரிழையைப் புதிதாகக் கட்டிக்கொள்ள முடிவது இதனால்தான். நாங்கள் ஒவ்வொருவரும் உனக்குத் தந்த பங்கில் சுமார் 300 கோடி எழுத்துகள். அந்த நீளத்தில் ஆங்காங்கே, ஒரு புரதத்தை எப்படிக் கட்டுவது என்று சொல்லும் பகுதிகள் இருக்கின்றன. மரபணு என்று பொதுவாகச் சொல்வது அவற்றைத்தான். மும்மூன்று எழுத்துகளாகப் படிக்கப்பட்டு, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் கோக்கப்படுகிறது.

இனி உன் விஷயம். ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இரண்டு ஆல்ஃபா சங்கிலிகளும் இரண்டு பீட்டா சங்கிலிகளும் உண்டு. பீட்டா சங்கிலிக்கான மரபணு 11-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அம்மா தந்த படி (நகல்) ஒன்று, நான் தந்த படி ஒன்று என உன்னிடம் இரண்டு படிகள். நான் தந்ததில் மாற்றம் இருக்கிறது. பீட்டா தலசீமியாவில் பெரும்பாலும் இது ஒரே ஓர் எழுத்து மாறியதாகத்தான் இருக்கும். அந்தப் படியிலிருந்து பீட்டா சங்கிலி குறைவாகவே வரும், அல்லது வரவே வராது. ஆனால் அம்மா தந்த படி நன்றாக வேலை செய்கிறது. அது உனக்குப் போதும். நீ நோயாளி இல்லை. இதை நான் உன்னைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை, உண்மை அதுதான்.

என் பெற்றோரில் ஒருவரிடமிருந்து எனக்கு, என்னிடமிருந்து உனக்கு என்று சத்தமில்லாமல் வந்திருக்கிறதே என்று உனக்கு வியப்பாக இருக்கலாம். கிரெகோர் மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணி ஆய்வில் கண்டது இதைத்தான். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லா விதைகளும் உருண்டை. அவற்றைத் தன் மகரந்தச் சேர்க்கைக்கு விட்டபோது 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. ஒரு தலைமுறை கண்ணுக்கே தெரியாமல் இருந்த பண்பு கொஞ்சமும் கலங்காமல் திரும்பி வந்தது. ஒடுங்கு பண்பு அப்படித்தான்: இரண்டு படிகளும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். எந்த மனிதரை எடுத்துக்கொண்டாலும் இப்படிச் சில மாற்றங்கள் அவரிடம் ஒளிந்தே இருக்கும். உன்னுடையது பரிசோதனையில் தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்த தலைமுறைக்கு வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு இந்த மாற்றம் இல்லையென்றால், பிறக்கும் குழந்தைக்கு உன்னைப் போல மைனராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கடுமையான தலசீமியாவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. அவருக்கும் இருந்தால், நான்கில் ஒரு வாய்ப்பு தலசீமியா மேஜருக்கு. அப்படிப்பட்ட குழந்தை பிறக்கும்போது நன்றாகவே இருக்கும், ஏனென்றால் கருவில் சுரக்கும் ஹீமோகுளோபினுக்குப் பீட்டா சங்கிலி தேவையில்லை. பிறகு மாதக்கணக்கில் சோகை ஏறி, பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வெளிப்படும். அதன்பின் சில வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். அதனால் சேரும் இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும்.

நான்கில் ஒன்று என்றதும் பலர் நான்கு பிள்ளைகளில் ஒருவருக்கு என்று எண்ணிக்கொள்கிறார்கள். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்கு வராது என்றுகூட நம்பிவிடுகிறார்கள். நாணயம் முன்பு விழுந்த பக்கத்தை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு கருவுக்கும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. நீ கணக்குப் படித்தவள், உனக்கு இது போதும்.

"நம் குடும்பத்தில் ஏன் இப்படி?" என்றும் கேட்டிருந்தாய். நம் குடும்பத்தில் மட்டும் இல்லை. மலேரியா நிலவிய பகுதிகளில்தான் தலசீமியா மிகுதி. இந்த மாற்றத்தின் ஒற்றைப் படி மலேரியாவிடமிருந்து ஓரளவு பாதுகாப்புத் தந்திருக்கலாம் என்று மரபியல் அறிஞர் ஹால்டேன் 1949-இல் சொன்னார். பின்வந்த ஆய்வுகள் அதை வலுப்படுத்தின. நம் முன்னோர் யாரோ ஒருவர் காய்ச்சலில் பிழைத்ததற்குக்கூட இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது.

மாப்பிள்ளையிடம் நீயே சொல். நான் சொல்வதைவிட அது முறையாக இருக்கும். வெறும் ஹீமோகுளோபின் அளவு சரியாக இருக்கிறது என்பதோடு அவர் நின்றுவிட வேண்டாம். ஏ2 அளவு காட்டும் பரிசோதனை வேண்டும். சிக்கிள் செல், ஹீமோகுளோபின் ஈ என்று பீட்டா சங்கிலி மரபணுவில் வரும் வேறு மாற்றங்களின் ஒற்றைப் படி இருந்தாலும் உன்னுடையதோடு சேரும்போது குழந்தைக்குச் சிக்கலாகலாம். அதையும் அது காட்டிவிடும். இருவருக்கும் இருப்பதாகத் தெரிந்தால், கருத்தரிக்கும் முன்பே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே கருவைப் பரிசோதிக்க வழி இருக்கிறது.

உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்க்காமல் யாராவது இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தால், அறிக்கையைக் காட்டிக் கேள். உன் சிவப்பணுக்கள் சிறியதாக இருப்பதற்குக் காரணம் இரும்புக் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

தம்பிக்கும் சொல்லிவிட்டேன். அவனுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு; அடுத்த வாரம் இரத்தம் கொடுக்கப் போகிறான். மாப்பிள்ளையின் அறிக்கை வந்ததும், எந்த நேரமானாலும் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா