வேண்டாம் என்று சொல்ல இடம் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் கணவர் மறைந்து மூன்று மாதங்கள் ஆகின்றன. திண்டுக்கல்லில் மோட்டார்களுக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்டும் சிறிய பட்டறை வைத்திருந்த அவர், ஒரு மழை மாலையில் வண்டியில் வீடு திரும்பும் வழியில் விபத்துக்குள்ளாகி, நான்காம் நாள் மதுரையில் மூளைச்சாவு அடைந்தார். தலைக்கவசம் வண்டியின் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய கல்லீரலையும் இரு சிறுநீரகங்களையும் கருவிழிகளையும் கொடுக்க நாங்கள் இசைந்தோம் என்பதற்காகப் பலர் வீடு தேடி வந்து பாராட்டினார்கள். அந்த நாட்களில் எங்களுக்குத் துணை நின்றவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதனால் இந்த மடல்.

ஒரு கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். விபத்து நடந்த இரவு நாங்கள் சேர்த்த முதல் மருத்துவமனையில், அவருக்குச் சிகிச்சை நடந்துகொண்டிருந்தபோதே ஒருவர் என் கொழுந்தனாரைத் தனியே அழைத்து உறுப்பு தானம் பற்றிப் பேச்சுக் கொடுத்தார். அந்த மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் உயிரைக் காப்பாற்ற வேண்டிய இடத்தில் உறுப்புகளைக் கணக்கெடுக்கிறார்கள் என்ற ஐயம் அன்று கொழுந்தனார் மனத்தில் விழுந்தது. மதுரைக்கு மாற்றிய பிறகும் அது அவரை விடவில்லை.

மதுரையில் தீவிர சிகிச்சைப் பிரிவின் மருத்துவர், மூன்றாம் நாள் காலை எங்கள் இருவரையும் உட்காரவைத்து, இனி மூளை மீளாது என்று நினைப்பதாகவும், அதை உறுதி செய்யச் சோதனைகள் உண்டு என்றும் சொன்னார். தானம் என்ற சொல்லை அவர் அன்று உச்சரிக்கவே இல்லை. "நெஞ்சு துடிக்கிறது, உடம்பு சுடுகிறது, எப்படிச் செத்தவன் என்பீர்கள்?" என்று கொழுந்தனார் குரலை உயர்த்திக் கேட்டபோது அவர் முகம் மாறவில்லை. இதயம் தன் துடிப்பைத் தானே எழுப்பிக்கொள்ளக் கூடியது, உயிர்வளி (ஆக்சிஜன்) வந்துகொண்டிருக்கும்வரை அது கொஞ்ச காலம் ஓடும், ஆனால் மூச்சை எழுப்புவது மூளைத்தண்டு, அது செத்துவிட்டால் இயந்திரத்தை நிறுத்திய பிறகு ஒரு மூச்சும் வராது என்று விளக்கிவிட்டு, விரும்பினால் சோதனையின்போது உடன் நின்று பார்க்கலாம் என்றார்.

நாங்கள் பார்த்தோம். கண்ணில் விளக்கு அடித்தார்கள். காதில் குளிர்ந்த நீரை விட்டார்கள். கடைசியாகச் சுவாச இயந்திரத்தின் இணைப்பைக் கழற்றி, உயிர்வளியை மட்டும் மெல்லிய குழாய் வழியாகச் செலுத்தி, அவருடைய மார்பையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது அசையவில்லை. அந்தச் சில நிமிடங்களில் கொழுந்தனாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை நான் கவனித்தேன். குறைந்தது ஆறு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி செய்ய வேண்டும் என்பது விதி. நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும், அவர்களில் ஒருவர்கூட உறுப்பு மாற்று அறுவைக் குழுவைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் இதையெல்லாம் எதற்காக எழுதி வைத்தது என்பது, ஐயத்தோடு நின்ற ஒருவரின் பக்கத்தில் நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டாவது சோதனையும் முடிந்து, இறப்பு உறுதியான பிறகே, உறுப்பு தானம் பற்றிக் குடும்பத்தாரிடம் பேசும் ஒருங்கிணைப்பாளர் அம்மா எங்களிடம் வந்தார். "நீங்கள் வேண்டாம் என்று சொன்னாலும் உங்களை நாங்கள் நடத்தும் விதத்தில் ஒன்றும் மாறாது" என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். கொடுக்க உங்களுக்குச் சம்மதமா என்றுகூட அவர் கேட்கவில்லை. உங்கள் கணவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்றுதான் கேட்டார்.

இங்கேதான் ஒரு சிக்கல் வந்தது. காவல் துறையினர் தந்த பையில் இருந்த ஓட்டுநர் உரிமத்தில் உறுப்புக் கொடையாளரா என்ற இடத்தில் 'இல்லை' என்று அச்சாகியிருந்தது. இறந்தவர் உயிரோடு இருந்தபோது மறுத்திருந்தால் குடும்பத்தாரின் விருப்பம் செல்லாது. அதுதான் சட்டம், அதுதான் நியாயமும். ஆனால் அந்த விண்ணப்பத்தை நிரப்பியது அவர் அல்லர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் இருந்த பையன். அந்தக் கட்டத்தைப் பற்றி அவரிடம் யாரும் ஒரு சொல் கேட்டிருக்க மாட்டார்கள். அதை நான் எப்படி நிறுவ முடியும்? ஒருங்கிணைப்பாளர் அதைப் புறந்தள்ளியிருக்கலாம், பார்க்காததுபோல் இருந்திருக்கலாம். அவரோ அட்டையை மேசையில் வைத்து, இதற்கு எதிரான சான்று ஏதாவது உங்கள் நினைவில் இருக்கிறதா, அவசரம் வேண்டாம் என்றார்.

சான்றைச் சொன்னவர் என் கொழுந்தனார். "மதினி, அம்மா செத்தப்ப கண்ணைக் கொடுக்கக் கூடாதுன்னு நான்தானே அண்ணனோட சண்டை போட்டேன்" என்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் என் மாமியார் இறந்தபோது, ஆறு மணி நேரத்துக்குள் கண் வங்கிக்காரர்கள் வர வேண்டும் என்று என் கணவர் தானே தொலைபேசியில் அழைத்ததும், கண்ணில்லாமல் தாயை அனுப்புவதா என்று உறவினர்கள் ஏசியதும், எரிக்கப்போகும் கண்ணுக்கு இவ்வளவு வழக்கா என்று அவர் கேட்டதும் எனக்கு அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தன. நெருங்கிய உறவினர் ஒருவர் மறுத்தால் அதையும் சட்டம் மதிக்கிறது. கொழுந்தனார் ஒரு தலையசைப்பில் எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கலாம். தமக்குப் பிடிக்காததைத் தம் அண்ணனின் விருப்பம் என்று ஒப்புக்கொண்ட அவருக்கு, ஒரே வீட்டில் இருந்தும் நேரில் சொல்ல வராத நன்றியை இங்கே எழுதுகிறேன்.

விசாரணையையும் பிரேதப் பரிசோதனையையும் அன்றிரவே முடித்துத் தந்த காவல் அதிகாரிக்கும் தடயவியல் மருத்துவருக்கும் நன்றி. உறுப்பு தானத்துக்காகச் சூரியன் மறைந்த பிறகும் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று 2021இல் ஒன்றிய அரசு விதியைத் தளர்த்தியிராவிட்டால் விடியும்வரை காத்திருந்திருப்போம். நாங்கள் கையெழுத்திட்ட நேரத்தோடு எங்கள் கணக்கை முடித்து, அதன்பின் ஆன செலவு எதையும் எங்கள் மேல் எழுதாத கணக்குப் பிரிவினருக்கும் நன்றி. இதயத்தை எடுக்க இயலாது என்பதை மறைக்காமல் சொன்ன அறுவைக் குழுவுக்கும், தையல் வெளியே தெரியாதபடி அவரை உடுத்தி அனுப்பிய செவிலியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அறிவித்தபடி, வருவாய்த் துறை அதிகாரிகள் வந்து மலர்வளையம் வைத்து அரசு மரியாதை செய்தார்கள். என் பிள்ளைகள் இருவரும் நிமிர்ந்து நின்றார்கள். அதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியாது. எனினும் அந்த நேரத்தில் என் நினைவில் இருந்தது வேறொரு பெண். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரின் மனைவி, அதே நாளில், அதே கேள்விக்கு முடியாது என்று சொன்னவர். ஒருங்கிணைப்பாளர் அம்மா அவர் கையை எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாரோ, என் கையையும் அவ்வளவு நேரம்தான் பிடித்துக்கொண்டிருந்தார். மரியாதை என்பது கொடுத்தவருக்குச் செய்வது, கொடுக்காதவரைக் குறைவாகப் பார்க்க வைப்பதாக அது மாறிவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றுகிறது.

எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்டவர்களும் உண்டு. ஒன்றும் கொடுக்கவில்லை, கொடுத்திருந்தால் அது குற்றம். யாருக்குப் போயிற்று என்பதும் எங்களுக்குத் தெரியாது; அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியல் முடிவு செய்தது. பெற்றுக்கொண்டவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால், எங்களைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எங்களுக்கு எந்தக் கடனும் பட்டிருக்கவில்லை. மருந்தை நேரம் தவறாமல் சாப்பிடுங்கள்.

நான் தேடுவது அந்தப் பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியை. இரண்டாம் இரவு வராந்தாவில் குளிரில் உட்கார்ந்திருந்த என்மேல் பச்சைக் கட்டம் போட்ட போர்வை ஒன்றைப் போர்த்திவிட்டுப் போனீர்கள், அக்கா. நான் திருப்பித் தருவதற்குள் நீங்கள் உங்கள் வீட்டுக்காரரோடு ஊருக்குப் போய்விட்டீர்கள். துவைத்து மடித்து ஒருங்கிணைப்பாளர் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து,
மறைந்தவரின் மனைவி