கத்தி பிடித்தவர் பெயர் மட்டும்தானா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இதய அறுவை சிகிச்சை டாக்டரும் அமெரிக்காவின் முன்னாள் செனட்டருமான பில் ஃப்ரிஸ்ட் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பாராட்டி எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அரசியலில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு சூடானில் ஒரு மருத்துவமனைக்குத் தனி ஆளாக உயிர் கொடுத்தார் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அது தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

ஓய்வு பெற்ற பிறகா? அவர் செனட்டை விட்டுப் போனது 2007-இல். லூயி என்ற அந்த ஊருக்கு அறுவை சிகிச்சை செய்யப் போக ஆரம்பித்தது 1998-இல், பதவியில் இருக்கும்போதே. அங்கே மருத்துவமனை நடத்தியது சமாரிட்டன்ஸ் பர்ஸ் என்ற கிறிஸ்தவத் தொண்டு நிறுவனம். இவர் விடுமுறையில் போய் உதவியவர். இதயமும் நுரையீரலும் மாற்றிவைத்த கை, உள்நாட்டுப் போரின் நடுவே அந்தக் கிராமத்துக்குப் போனதே பெரிய விஷயம்தான். அதற்கு மேல் எதற்கு ஜோடனை? இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

'தனி ஆளாக' என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. வெளிநாட்டு நன்கொடையில் ஓடிய ஒரு சிறிய மருத்துவமனையில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாகப் பல வருடம் இருந்தவள் நான். வருகிற டாக்டர்கள் தங்கமானவர்கள், இரண்டு வாரம் தூங்காமல் ஆபரேஷன் செய்வார்கள், போட்டோ எடுப்பார்கள், விமானம் ஏறிவிடுவார்கள். அப்புறம் தையல் பிரிப்பது யார், சீழ் பிடித்த காயத்தைத் தினமும் கட்டுவது யார்? கழட்டிய கையுறைகளைக் கழுவி, கொடியில் காயவைத்து, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்து, பவுடர் தடவி மறுபடி வேகவைத்தவர்கள் நாங்கள். 2000-இல் லூயி மருத்துவமனை மீது குண்டு விழுந்ததே, கட்டுரையில் அதைப் பற்றி அரை வரி உண்டா? செனட்டர் வாஷிங்டனுக்குத் திரும்பிய பிறகும் அங்கேயே கிடந்தவர்கள் இருந்திருப்பார்களே, அவர்களுக்கும் அரை வரி இல்லை.

சரி, புகழத்தான் எழுதினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் முழு மனிதரை எழுத வேண்டாமா? எய்ட்ஸ் ஒழிப்புக்கு 1,500 கோடி டாலர் ஒதுக்கிய 2003-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியபோது செனட்டில் பெரும்பான்மைத் தலைவர் இவர்தான். அதைக் காணோம். 2005-இல், மூளை பாதிக்கப்பட்டுப் பல வருடம் படுக்கையில் கிடந்த டெர்ரி ஷையாவோ என்ற பெண்ணின் வீடியோவைப் பார்த்துவிட்டு, நேரில் பரிசோதிக்காமலே, அவருக்கு இனி சுயநினைவு திரும்பாது என்று அவரைப் பரிசோதித்த டாக்டர்கள் சொன்னதில் சந்தேகம் என்று செனட்டில் பேசியவரும் இவர்தான். பிரேதப் பரிசோதனை அந்த டாக்டர்கள் பக்கம்தான் பேசியது. அதையும் காணோம். ஃப்ரிஸ்ட் குடும்பத்தின் மருத்துவமனைத் தொழில்? மூச்சே இல்லை.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதல்ல. முன்பு ஒரு மருத்துவ முகாம் படத்தில், கையில் கருவியை எடுத்துத் தயாராக நிற்கும் நர்ஸை 'உதவியாளர்' என்று போட்டீர்கள். அன்றைக்கே எழுதினேன். பிரசுரமாகவில்லை, இடப் பற்றாக்குறையாக இருந்திருக்கும்.

நான் கேட்பது அதிகமில்லை. 'ஓய்வு பெற்ற பிறகு' என்பதைத் திருத்துங்கள், 'தனி ஆளாக' என்பதை எடுத்துவிடுங்கள். லூயி இருப்பது இப்போது தெற்கு சூடானில், 2011-லேயே தனி நாடாகிவிட்டது, அதையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். திருத்தத்தை ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போடாமல் இருந்தால் நன்றி.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஒரு தியேட்டர் நர்ஸ்