திரைக்குப் பத்தாண்டு, கணினிக்கு ஐந்தாண்டு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகத்துக்குக் கணினி வாங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மேசையில் அடைசல் இல்லை, ஒரே ஒயர்தான் என்று, திரையின் கூட்டுக்குள்ளேயே கணினியும் அடங்கிய ஆல்-இன்-ஒன் கணினியைச் சிபாரிசு செய்திருந்தது. கிளினிக்கில் டோக்கன் போடுகிற மேசைக்கும், டேலியும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் மட்டும் பார்க்கிற ஆடிட்டர் ஆபீசுக்கும் அந்தச் சிபாரிசு சரிதான். ஆனால் மதுரையில் கணினியை நம்பிப் பிழைப்பவர்களில் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர்கள், ஆப்செட் அச்சகத்தார், ஃப்ளெக்ஸ் போடுகிறவர்கள், வீட்டு பிளான் வரைகிறவர்கள், வீடியோ எடிட்டர்கள் என்று இன்னொரு கூட்டமும் இருக்கிறது. அவர்கள் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு டவுன்ஹால் ரோட்டுக்குக் கிளம்பும் முன் சில கணக்குகளைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் கணக்கு ஆயுள். நல்ல மானிட்டர் எட்டு, பத்து வருஷம் உழைக்கும். கணினிக்குள் இருக்கிற பிராசஸரும் ரேமும் ஐந்து வருஷத்தில் வேலைக்குப் பத்தாமல் போகும். இரண்டையும் ஒரே கூட்டுக்குள் வைத்து மூடினால், முதலில் சாகிறதுதான் மற்றதன் ஆயுளையும் தீர்மானிக்கும். 2025 அக்டோபர் 14-ம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஏழாம் தலைமுறை டவர், அதாவது திரையோடு சேராத தனிப் பெட்டிக் கணினி, வைத்திருப்பவர் அந்தப் பெட்டியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய மானிட்டரிலேயே ஒயரைச் சொருகிக்கொள்ளலாம். ஆல்-இன்-ஒன் வைத்திருப்பவர் பளிச்சென்று எரிகிற திரையையும் சேர்த்து எடைக்குப் போட வேண்டியதுதான்.

பின்னால் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறதே, வேறு கணினியை அதில் மாட்டிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். அந்த போர்ட் பல மாடல்களில் படத்தை வெளியே அனுப்ப மட்டும்தான். உள்ளே வாங்கிக்கொள்ள ‘எச்டிஎம்ஐ இன்’ என்று தனியாக ஒன்று வேண்டும். சில மாடல்களில் அது உண்டு. விவரத்தாளில் ‘இன்’ என்று எழுதியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் பணம் கட்டக்கூடாது.

இந்த வடிவத்தைத் தூக்கிப் பிடித்த நிறுவனங்களே தொழில்முறை ஆட்கள் விஷயத்தில் பின்வாங்கியிருக்கின்றன. ஆப்பிள் தன் ஆல்-இன்-ஒன்னான ஐமேக்கில் 27 அங்குல 5கே மாடலை 2014-ல் கொண்டுவந்தது. திரை அருமையானது, 5120 × 2880 புள்ளிகள். ஆனால் பழைய ஐமேக்குகளில் இருந்த, வேறு கணினிக்கு மானிட்டராக மாறிக்கொள்ளும் வசதி அதில் இல்லை. 2017 டிசம்பரில் ஐமேக் புரோ வந்தது. கனமான வேலைக்கென்றே இன்டெல் செய்கிற ஜியான் பிராசஸரை 18 கோர் வரை போட்டார்கள். ஆனால் சாதாரண 27 அங்குல ஐமேக்கில் இருந்த ரேம் மாற்றும் கதவை எடுத்துவிட்டார்கள். 2021-ல் அந்த மாடலே நின்றது. 2022 மார்ச்சில் 27 அங்குல ஐமேக்கையும் நிறுத்திவிட்டு, மேக் ஸ்டுடியோ என்று கணினியைத் தனியாகவும் ஸ்டுடியோ டிஸ்ப்ளே என்று திரையைத் தனியாகவும் விற்க ஆரம்பித்தார்கள். எச்பி 2012-ல் வெளியிட்ட இசட்1 இதற்கு நேர் எதிரான முயற்சி. காரின் பானெட்டைத் தூக்குவது போலத் திரையைத் தூக்கினால் உள்ளே ஹார்ட் டிஸ்க், ரேம், கிராபிக்ஸ் கார்டு, பவர் சப்ளை எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலே கழற்றலாம். செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் கனம், விலை இரண்டும் அதிகம். பிற்பாடு இசட்1 என்ற பெயரே சாதாரண டவர் பெட்டிக்குப் போய்விட்டது!

ஒல்லியாக இருப்பதற்கு என்ன விலை என்று பார்ப்போம். 2021-ல் வந்த 24 அங்குல ஐமேக்கின் தடிமன் 11.5 மில்லிமீட்டர். அதற்குள் பவர் சப்ளைக்கு இடமில்லை, வெளியே அடாப்டருக்குப் போய்விட்டது. நெட்வொர்க் போர்ட்டும் அடாப்டர் பெட்டியிலேயே. ரேமைப் பிறகு கூட்டவே முடியாது. விண்டோஸ் ஆல்-இன்-ஒன்களில் பல, உள்ளே பார்த்தால் நிமிர்த்தி வைத்த லேப்டாப்தான். பிராசஸர் பெயரின் கடைசி எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். வாட் கூடினால் பொதுவாக விடாமல் வேலை இழுக்கிற தெம்பும் கூடும். இன்டெல்லில் ‘யு’ என்று முடிந்தால் பொதுவாக 15 வாட் ரகம், ‘எச்’ என்றால் 45 வாட். டெஸ்க்டாப் ரகத்தில் ‘டி’ என்றால் 35 வாட்; எழுத்தே இல்லாத சாதாரண டெஸ்க்டாப் பிராசஸர் 65 வாட். எல்லாவற்றுக்கும் கடைக்காரர் சொல்வது ‘ஐ7 சார்’ என்ற ஒரே பதில்தான்.

ஷோரூமில் இந்த வித்தியாசம் தெரியாது. லேப்டாப் பிராசஸர்கள் பல, முதல் அரை நிமிஷம் போலத் தங்கள் வாட் அளவைத் தாண்டி ஓடிக் காட்டிவிட்டு அப்புறம் இறங்கிவிடும். கடையில் ஒரு போட்டோவைத் திறந்து மூடுவதற்கு அந்த அரை நிமிஷம் போதும். வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருப்பவருக்கு அது எதற்கும் ஆகாது. அதனால் வாங்கும் முன் பிராசஸரின் வேகத்தை அளக்கிற சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே பத்து நிமிஷம் ஓடவிடச் சொல்லுங்கள். ஒருமுறை மட்டும் ஓட்டி வருகிற மதிப்பெண்ணையும் பத்து நிமிஷச் சோதனையின் மதிப்பெண்ணையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது நன்றாகக் குறைந்தால், அந்த மெஷினின் உண்மையான வேகம் அந்த இரண்டாவது எண்தான்.

அதுவும் ஏசி போட்ட ஷோரூமின் எண். முழு வேலையில் பிராசஸர் அறைக்காற்றைவிட 60 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 டிகிரி அறையில் அது 85. 40 டிகிரி அறையில் 100. இன்டெல் பிராசஸர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் எல்லை. தொட்டதும் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐமேக்குக்கு ஆப்பிள் கொடுத்திருக்கும் வேலைச்சூழல் வெப்பநிலையே 10 முதல் 35 டிகிரி வரைதான். சித்திரை, வைகாசியில் மதுரையின் மதிய வெயில் அதை எளிதாகத் தாண்டும். மொட்டைமாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட அறை என்றால் கேட்கவே வேண்டாம். முகூர்த்த நாட்களும் ஆல்பம் வேலையும் குவிகிற வைகாசி வெயிலில்தான் மெஷின் நொண்டும்.

ஆல்பம் வேலையின் கனத்தையும் சொல்லிவிட வேண்டும். 12 × 36 அங்குல விரிப்பு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் 3600 × 10,800 புள்ளிகள், கிட்டத்தட்ட 3.9 கோடி. ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வீதம் ஒரு முழு லேயருக்கு ஏறக்குறைய 117 எம்பி. பின்னணி, டெக்ஸ்சர், பெண், மாப்பிள்ளை, நிழல், எழுத்து என்று இருபது லேயர் சேர்ந்தால் இரண்டு ஜிபியைத் தாண்டும். இதற்குமேல் ‘அன்டூ’ செய்வதற்காக போட்டோஷாப் சேர்த்துவைக்கும் பழைய நிலைகள் வேறு. 8 ஜிபி ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்த ஆல்-இன்-ஒன்னில், மூன்றாவது பக்கத்தைத் திறந்ததும் டிஸ்க்கின் விளக்கு விடாமல் மினுக்கும். ரேம் பற்றாமல் டிஸ்க்கை ரேமாகப் பயன்படுத்துகிறது என்று அர்த்தம். ஸ்லாட் இருந்தால் ஒரு எஸ்ஓ-டிம் (லேப்டாப் ரக ரேம் அட்டை) வாங்கிப் போட்டுக் கதையை முடித்துவிடலாம். பற்றவைத்ததில் ஒன்றும் செய்ய முடியாது.

அச்சகத்துக்குத் தனியாக ஒரு வில்லன் உண்டு. ஆப்செட் மெஷினில் அடித்த தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்கத் தூவுகிற ஸ்ப்ரே பவுடர். பெரும்பாலும் ஸ்டார்ச் மாவு, மைதாவைவிட நைசு. டிசைன் அறைக்கும் மெஷின் அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் கதவுதான் என்றால் அது எங்கும் போய்ச் சேரும். ஆல்-இன்-ஒன்னில் இருப்பது லேப்டாப் பாணி ப்ளோயர் ஃபேன். காற்றை உறிஞ்சி, சீப்புப் பற்கள் போல நெருங்கிய செம்புத் தகடுகள் வழியாகத் தள்ளும். பவுடரும் தூசியும் தலைமுடியும் அந்தத் தகடுகளின் உள்பக்கத்தில், ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவே, கம்பளித் துண்டு மாதிரிப் படிந்து அடைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து எவ்வளவு காற்று அடித்தாலும் அது கலைந்து ஃபேனுக்குள் விழுமே தவிர வெளியே வராது. ஃபேன் மூடியைக் கழற்றி, அந்தத் துண்டை டுவீசரால் உரித்துத்தான் எடுக்க வேண்டும். டவரில் இந்த வேலைக்குப் பக்கவாட்டுக் கதவைத் திறந்து ஐந்து நிமிஷம். திரையைப் பசைப் பட்டையால் ஒட்டியிருக்கும் ஆல்-இன்-ஒன்னில், 2012-க்குப் பிறகு வந்த ஐமேக்குகள் அந்த ரகம், ஒவ்வொரு முறையும் பசையை அறுத்து, புதுப் பட்டை வாங்கி ஒட்ட வேண்டும். கண்ணாடியில் விரிசல் விட்டால் செலவு கணினி விலையில் பாதிக்கு நிற்கும்.

நிறத்தை நம்பித் தொழில் செய்கிறவர்களுக்கு இன்னொன்று. விலை குறைந்த மாடல்களின் விவரத்தாளில் ‘45% என்டிஎஸ்சி’ என்று, திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான ஒரு வரி இருக்கும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அளவுகோலில் அடங்கிய நிறங்களில் ஏறத்தாழ அறுபது சதவீதத்தைத்தான் அந்தத் திரை காட்டும் என்பது அதன் பொருள். சுங்குடிச் சேலைக்கு கேட்லாக் போடுகிறவருக்கு அரக்குச் சிவப்பும் குங்குமச் சிவப்பும் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலத் தெரியும். அச்சில் வேறாக வரும். 72% என்டிஎஸ்சி அல்லது 99% எஸ்ஆர்ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். தனி மானிட்டர் என்றால் இந்தத் தவறை மானிட்டரை மட்டும் மாற்றித் திருத்தலாம். ஸ்டாண்டும் அப்படியே. நிறைய ஆல்-இன்-ஒன்களை முன்னும் பின்னும் சாய்க்கலாம், உயர்த்த முடியாது. அடியில் பழைய டெலிபோன் டைரக்டரியை வைத்திருப்பவர்களின் கழுத்தைக் கேட்டால் தெரியும்.

நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். கரண்ட் போகிற ஊரில் ஆல்-இன்-ஒன்னுக்கு உண்மையான ஒரு லாபம் உண்டு. 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரி ஒன்று போட்ட 600 விஏ யுபிஎஸ், 60 வாட் ஆல்-இன்-ஒன்னைப் புது பேட்டரியில் இருபது நிமிஷமாவது தாங்கும். 180 வாட் இழுக்கிற டவரும் மானிட்டரும் என்றால் ஐந்தாறு நிமிஷம்தான்.

மேசை சுத்தமாக இருக்க வேண்டும், அதே சமயம் திரையும் கணினியும் பிரிய வேண்டும் என்பவர்களுக்கு மினி பிசி என்ற சின்னப் பெட்டிக் கணினி இருக்கிறது. மானிட்டரின் முதுகில் 100 × 100 மில்லிமீட்டர் வெசா (VESA) அளவுத் துளைகளில் மாட்டிவிடலாம். லெனோவோவின் டைனி-இன்-ஒன் போல, மானிட்டருக்குப் பின்னாலேயே சின்னக் கணினியைச் சொருகுகிற மாடலும் உண்டு. சாதாரண மானிட்டர் என்றால் வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். சில மானிட்டர்களில் ஸ்டாண்டே அந்த நான்கு துளைகளில்தான் மாட்டியிருக்கும். அதற்கு ஸ்டாண்டின் தண்டில் பிடிக்கிற பிராக்கெட் தனியாக வேண்டும். மினி பிசியிலும் 35 வாட் பிராசஸர்தான் வழக்கம், தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் இடமில்லை. ஆல்பத்துக்கும் கோரல்ட்ராவுக்கும் ஆட்டோகேட் பிளானுக்கும் போதும். 4கே வீடியோ எடிட் செய்கிறவருக்கு மேசைக்கு அடியில் டவர்தான். வேறு குறுக்கு வழி இல்லை.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு. அச்சகம் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மற்ற இடம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை ஃபேனைத் திறந்து சுத்தம் செய்யுங்கள். அடாப்டரைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். தடித்த போர்வை மேல் திரை கீழே இருக்கும்படி படுக்க வையுங்கள். பின்மூடியை ஒரேயடியாகத் தூக்கினால் ஸ்பீக்கர், கேமரா, பவர் பட்டன் ஒயர்களில் ஏதாவது ஒன்று அறுந்து கையோடு வரும்; நான்கு விரல் உயரம் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மேலே போங்கள். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுற்றவிட்டால் பேரிங் போகும். பிராசஸரின் சூட்டை வாங்குகிற ஹீட் சிங்க்கைக் கழற்றினால், நடுவே சூட்டைக் கடத்துவதற்காகத் தடவியிருக்கும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைக்காமல் மூடக்கூடாது. அடாப்டர் கெட்டுவிட்டது, அதுவும் 19 வோல்ட்தானே என்று 65 வாட் லேப்டாப் அடாப்டரைச் சொருகாதீர்கள். 120 வாட் கேட்கிற மெஷின் ஒன்று வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அல்லது வேலையின் நடுவே பட்டென்று அணையும்.

மதர்போர்டு போய் திரை மட்டும் நன்றாக இருந்தால் எடைக்குப் போட அவசரப்பட வேண்டாம். திரைப் பேனலின் முதுகில் ஸ்டிக்கரில் மாடல் எண் இருக்கும். அந்த எண்ணுக்கென்றே புரோகிராம் செய்த எல்சிடி கன்ட்ரோலர் போர்டை வாங்கி மாட்டினால் எச்டிஎம்ஐ உள்ள சாதாரண மானிட்டராகிவிடும். இதில் பேனல் சாகிற முக்கியமான இடம் ஒன்று உண்டு. எல்லாப் பேனலுக்கும் பொருந்தும் ரக போர்டுகளில் 3.3, 5, 12 வோல்ட் என்று மூன்று நிலை உள்ள ஒரு சின்ன ஜம்பர், அதாவது பேனலுக்குப் போகிற வோல்ட்டைத் தேர்வு செய்கிற செருகி, உண்டு. எல்விடிஎஸ் என்ற இணைப்பு முறையில் ஓடும் 24 அங்குலப் பேனல்களுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட். டிவி பேனலுக்கு வைத்த 12-லேயே ஜம்பர் நிற்க, பார்க்காமல் கரண்ட் கொடுத்தால் ஒரு விநாடியில் பேனல் போய்விடும். டேட்டாஷீட்டில் வோல்ட்டைப் பார்த்து, ஜம்பரை மாற்றி, மல்டிமீட்டரை வைத்து அளந்த பிறகுதான் ரிப்பன் கேபிளைச் சொருக வேண்டும்.

இப்படிக்கு,
கணினிப் பழுதுநீக்குவோர் சிலர்,
சிம்மக்கல், மதுரை