எலும்பு முறிவுக்கும் ஈடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பைக், ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் போடும்போது தேர்ட் பார்ட்டியோடு சேர்த்து ‘ஓனர் டிரைவர்’ விபத்துக் காப்பீடும், அதாவது வண்டியை ஓட்டும் உரிமையாளருக்கான காப்பீடும், கட்டாயம். 2018 வரை இருசக்கர வாகனத்துக்கு இது வெறும் 1 லட்சம் ரூபாய். குறைந்தது 15 லட்சமாவது ஆக்குங்கள் என்று 2017-ல் சொன்னது நம் சென்னை உயர் நீதிமன்றம்தான். அதன் பிறகு காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 15 லட்சமாக உயர்த்தி, ஆண்டு பிரீமியத்தை 750 ரூபாய் என்று வைத்தது. நல்ல காரியம். ஆனால் அந்தப் பணம் எப்போது கிடைக்கும் என்று பார்த்தால் வயிறு எரிகிறது.

என் கணவர் ஏசி மெக்கானிக். போன ஆடி மாதம் ஒரு ராத்திரி, வேலை முடிந்து பெரம்பூர் மாதவரம் நெடுஞ்சாலையில் வந்துகொண்டிருந்தபோது மாடு ஒன்று குறுக்கே ஓடிவந்தது. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து பிளேட் வைத்தார்கள். முதல் இரண்டு நாள் சிகிச்சையை அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டம் பார்த்துக்கொண்டது. அதற்கு எங்கள் குடும்பமே நன்றி சொல்கிறது. அப்புறம்தான் கஷ்டம். ஏசி அவுட்டோர் யூனிட் எல்லாம் மொட்டை மாடியிலும் சன்ஷேடிலும் இருக்கும். ஏணி ஏற முடியாதவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? தீபாவளி வரை என் தையல் மிஷின்தான் வீட்டை ஓட்டியது.

இன்சூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டோம். உயிர் போனாலோ, நிரந்தரமாக முழு ஊனமானாலோ, இரண்டு கை கால்களோ இரண்டு கண்களோ போனாலோ முழுத் தொகை. ஒரு கையோ காலோ கண்ணோ போனால் பாதி. எலும்பு முறிவுக்கு ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி செலவுக்கு இல்லை, வேலைக்குப் போகாத மாதங்களுக்கும் இல்லை. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்: வண்டி உங்கள் பெயரில் இருக்கிறது, ஓட்டியது அவர், அதனால் இந்தக் காப்பீடே அவருக்குப் பொருந்தாது. என் வளையலை விற்று வாங்கிய வண்டி என்பதால் ஆர்.சி. என் பெயரில் இருக்கட்டும் என்று அவர்தான் பிடிவாதமாகப் பதிவு செய்தார். கணவன், மனைவி, பிள்ளை என்று மாறி மாறி ஒரே வண்டியை ஓட்டும் வீடுகள் வடசென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கின்றன.

இடித்தது இன்னொரு வண்டியாக இருந்திருந்தால், மோட்டார் வாகனச் சட்டம் 164-வது பிரிவில், யார் தவறு என்று நிரூபிக்காமலே படுகாயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்டிருக்கலாம் என்கிறாள் சட்டக் கல்லூரியில் படிக்கும் என் மகள். உயிர் போனால் 5 லட்சமாம். மாடு குறுக்கே வந்தாலோ, ரோட்டில் கொட்டிய ஆயிலில் வழுக்கினாலோ, மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் விழுந்தாலோ அந்த வழியும் அடைபட்டுப் போகிறது. அடிபட்டவர் மீதும் தவறில்லை, எதிரில் வேறு வண்டியும் இல்லை. அப்படிப்பட்டவரைத்தானே கட்டாயக் காப்பீடு முதலில் தாங்க வேண்டும்? நியூசிலாந்தில் 1974 முதல் யார் தவறு என்று பார்க்காமலே சிகிச்சை தருகிறார்கள். வேலைக்குப் போக முடியாதவருக்கு வருமானத்தில் 80 சதவீதம் வாராவாரம் கிடைக்கிறது.

நான் கேட்பது இரண்டே விஷயம். டாக்டர் சான்றிதழ் கொடுக்கும் காலம் வரைக்கும் வாரம் ஒரு தொகை இந்தக் காப்பீட்டில் சேர வேண்டும். தனியாக விற்கிற விபத்துக் காப்பீடுகள் சிலவற்றில் இந்த வசதி ஏற்கெனவே இருக்கிறது, எனவே இதில் மட்டும் முடியாது என்பதை ஏற்க முடியவில்லை. பிரீமியம் கொஞ்சம் கூடினாலும் கட்டத் தயார். அடுத்தது, லைசென்ஸ் வைத்திருக்கும் யார் உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டினாலும் இது பொருந்த வேண்டும். ஆணையமும், நம் தொகுதி எம்.பி.க்களும் இதைக் கையில் எடுக்க வேண்டும் என்று உங்கள் நாளிதழ் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை - 11