உள்ளேயா, வெளியேயா? லேபிள் விதிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உணவுப் பொட்டலங்களின் முதுகில் என்ன அச்சாக வேண்டும் என்று விதி எழுதுகிறவர்களுக்கு,

வணக்கம்.

நார்ச்சத்து சிறுகுடலில் செரிக்காது, ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்பதெல்லாம் நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. ‘மொத்த மாவுச்சத்து’ (கார்போஹைட்ரேட்) என்று அமெரிக்க விதிப்படி அச்சாகும் எண்ணில் நார்ச்சத்தும் அடக்கம், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி ‘மாவுச்சத்து’ என்று அச்சாகும் எண்ணில் அது அடக்கமில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது. தெரிந்துகொண்ட விதத்தைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் மகளுக்கு 9 வயது. 5 வயதிலிருந்து வகை 1 நீரிழிவு. தட்டில் விழும் மாவுச்சத்து எத்தனை கிராம் என்று கணக்குப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வேளையும் தொடங்கும். ரத்தச் சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலின் அவள் உடலில் சுரக்காது, ஊசியில்தான் போட வேண்டும். 10 கிராம் மாவுச்சத்துக்கு 1 யூனிட். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தராசு, தராசுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு.

தவிடு சேர்த்த சீரியல் அவளுக்குப் பிடிக்கும். வழக்கமாக வாங்குவது அன்றைக்குக் கிடைக்கவில்லை. வேறொரு நாட்டில் தயாரான, பார்க்க அதே மாதிரி இருந்த ஒன்றை எடுத்து வந்தேன். 40 கிராம் எடை போட்டேன். லேபிள்படி 30 கிராம் மாவுச்சத்து, ஆகவே 3 யூனிட். பாலுக்கான கணக்கு தனி, அது எப்போதும் போலத்தான்.

ஊசி போட்டு, சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். ஒன்றரை மணி நேரம் இருக்கும். பென்சில் கையிலிருந்து நழுவியது. எடுத்தாள், மறுபடியும் நழுவியது. “அம்மா, எழுத்தெல்லாம் ஆடுது” என்றாள். தொட்டுப் பார்த்தால் பின்கழுத்து முழுக்க வியர்வை. விரலில் குத்திப் பார்த்தேன், ரத்தச் சர்க்கரை 52, ஆபத்தான அளவுக்குக் குறைவு. குளுக்கோஸ் மாத்திரை 15 கிராம் கொடுத்தேன். கொடுத்த பிறகு 15 நிமிடம் காத்திருக்க வேண்டும். என் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு “இன்னும் எவ்வளவு நேரம்மா” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்புறம் பார்த்தால் 61. இன்னொரு முறை மாத்திரை, இன்னொரு 15 நிமிடம். 94 வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அவள் தூங்கியதும் பழைய பொட்டலத்தையும் புதியதையும் விளக்குக்கு அடியில் வைத்துப் பார்த்தேன். பழையதில் நார்ச்சத்து மாவுச்சத்துக் கணக்குக்கு வெளியே இருந்தது, புதியதில் உள்ளே. அந்த 30 கிராமில் 12 கிராம் நார்ச்சத்து. இன்சுலின் தேவைப்பட்டது 18 கிராமுக்குத்தான். 1.8 யூனிட் போதும் என்ற இடத்தில் என் கையால் 3 யூனிட் போட்டிருக்கிறேன்.

இதை லேபிளில் யாரும் எழுதி வைக்கவில்லை. நானாகக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன். புதிய பொட்டலத்தில் 100 கிராமுக்குப் புரதம் 12, கொழுப்பு 4, மாவுச்சத்து 75, நார்ச்சத்து 30. புரதத்துக்கும் மாவுச்சத்துக்கும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்புக்கு 9 என்று பெருக்கினால் 384 வருகிறது. அச்சிட்டிருந்ததோ 324. குறைகிற 60 எங்கே போனது? 30 கிராம் நார்ச்சத்துக்கு 4 கலோரிக்குப் பதில் 2 என்று போட்டிருக்கிறார்கள். அதாவது, அந்த 75-க்குள்தான் நார்ச்சத்து ஒளிந்திருக்கிறது. இப்போது எந்தப் புதுப் பொட்டலம் வந்தாலும் இந்தப் பெருக்கல் கணக்கைப் போட்ட பிறகுதான் பிரிக்கிறேன். இதை ஒரு தாய் அடுப்படியில் நின்று செய்ய வேண்டுமா? நீங்கள் ஒரு வரி எழுதினால் போதாதா?

என் கோரிக்கை அந்த ஒரு வரிதான். மாவுச்சத்து எண்ணுக்குப் பக்கத்தில் ‘நார்ச்சத்து உட்பட’ அல்லது ‘நார்ச்சத்து நீங்கலாக’ என்று அச்சிடச் சொல்லுங்கள்.

இதைக் கேட்பது நான் முதல் ஆள் இல்லை. 1997 ஏப்ரலில் ரோம் நகரில் உலக உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் மாவுச்சத்து பற்றிப் பேச நிபுணர்களைக் கூட்டின. உணவின் எடையிலிருந்து நீர், புரதம், கொழுப்பு, சாம்பலை (எரித்தால் மிஞ்சும் தாது உப்புகளை) கழித்து மிச்சத்தை மாவுச்சத்து என்று சொல்லாதீர்கள், ஒவ்வொரு வகையையும் தனித்தனியே அளந்து கூட்டுங்கள் என்று அவர்கள் பரிந்துரைத்தார்கள். கழித்து எடுக்கிற எண்ணில் மற்ற எல்லா அளவீடுகளின் பிழையும் வந்து சேருகிறது. இருந்தும் கழித்தல் கணக்குக்கு இன்றும் விதிகளில் இடம் இருக்கிறது. என் மகள் பிறப்பதற்கு எத்தனையோ வருடம் முன்பு வந்த பரிந்துரை அது. எங்களை இன்னும் எத்தனை வருடம் காக்க வைப்பீர்கள்?

கோபத்தில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ‘சர்க்கரை 0’ என்று முன்பக்கம் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின். அது மாவுச்சத்தில் ஒரு வகையான ஸ்டார்ச்சை உடைத்துச் செய்வது, குளுக்கோஸ் மாதிரியே விறுவிறுவென்று ரத்தத்தில் ஏறும். குளுக்கோஸ் மாதிரி ஒற்றைச் சர்க்கரையும், சீனி மாதிரி இரட்டைச் சர்க்கரையும் மட்டும்தான் ‘சர்க்கரை’ என்ற உங்கள் இலக்கணத்தால் அது அந்த வரிக்குள் வராமல் தப்பித்துவிடுகிறது. மாவுச்சத்தே விஷம் என்று ஒரு கூட்டம் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறது. அப்படி இல்லை, முழுதானியம், காய், பழம், பருப்பு வகைகளிலிருந்து வருவதைச் சாப்பிடுங்கள், பெரியவர்களுக்கு நாளைக்கு 25 கிராம் நார்ச்சத்தாவது வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2023-ல் சொன்னது. சரி, எது நார், எது ஸ்டார்ச், எது சர்க்கரை என்று எல்லாப் பொட்டலத்திலும் பிரித்துக் காட்டாமல், சாப்பிடுகிறவர் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்?

கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன், மன்னியுங்கள். இதெல்லாம் ஒரே நாளில் நடக்காது என்பது எனக்கும் தெரியும். அந்த ஒரு வரியையாவது முதலில் கொண்டுவாருங்கள். உட்படவா, நீங்கலாகவா என்பது மட்டும் போதும். அதை மாவுச்சத்து எண் இருக்கும் அதே அளவு எழுத்தில் போடச் சொல்லுங்கள். என் மகள் இப்போது பொட்டலத்தைத் தானே திருப்பிப் பார்த்து, “இதுல நார் உள்ளயாம்மா, வெளியவா?” என்று கேட்கிறாள். அவளே படித்துத் தெரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும்.

தயவுசெய்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
வகை 1 நீரிழிவு உள்ள ஒரு குழந்தையின் அம்மா